மகள், மக்கள் ஆனாள்: ஒரு விசைப்பலகைப் பழுது

ஆகஸ்ட் 15 மதியம் அம்மா போன் செய்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் என்ன எழுதினாலும் மனதுக்குள் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே படிப்பவர்.

"எத்தனை பேருடா வேலு நாச்சியார் வேஷம் போட்டது?"

"ஒருத்திதாம்மா. உன் பேத்திதான்."

"அப்புறம் ஏன் 'எங்கள் மக்கள் இன்று வேலு நாச்சியார் வேடமிட்டாள்'னு போட்டிருக்க?"

பழந்தமிழில் மக்கள் என்றால் பிள்ளைகள் என்ற பொருளும் உண்டே என்று சமாளித்துப் பார்த்தேன். "அப்படின்னா வேடமிட்டார்கள்னு முடிச்சிருக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மடிக்கணினியில் அந்தக் குழுவைத் திறந்து பழைய செய்திகளை ஓட்டிப் பார்த்தேன். 'அழக்காக இருக்கிறது.' 'அடுத்த வாரம் ஊருக்குப் போக்கிறோம்.' 'தக்கவலுக்கு நன்றி.' எல்லாம் நான் எழுதியவைதான். இத்தனை நாளும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கம்ப்யூட்டர்காரனுக்குத் தமிழ் இவ்வளவுதான் வரும் என்று விட்டிருப்பார்கள். பிழை அத்தனையும் ககரத்தில். ஒற்று மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்தது. 'அழக்கு', 'தக்கவல்' எல்லாம் பார்த்தவுடனே கண்ணில் உறுத்தும். 'மக்கள்' உறுத்தாது, அது சரியான சொல் என்பதால்.

இதைச் சரிசெய்ய எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. உண்மையான வேலை நாற்பது நிமிடம். மீதி நாட்கள் எங்கே போயின என்பதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்த விசைப்பலகை. 2021 ஊரடங்கில் நானே கட்டியது. கடையில் விற்கும் சின்ன விசைப்பலகைகள் பலவற்றில் ஆங்கில பி எழுத்துக்கு வலப்பக்கம் இருக்கும் இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகளைத் தூக்கிவிடுகிறார்கள். தமிழ்99 என்ற தட்டச்சு அமைப்பில் அந்த இரண்டு இடத்தில்தான் ச, ஞ இருக்கின்றன. ச இல்லாமல் தமிழ் எப்படி அடிப்பது? அதனால் 13 நெடுவரிசை, 5 கிடைவரிசை என்று நானே வரைந்து, 1.5 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் 14 மில்லிமீட்டர் சதுரத் துளைகளாக லேசரில் வெட்டி வாங்கினேன். 62 சுவிட்ச். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன உறுப்பு) ஒரு பொட்டலம். மூளையாக ஒரு புரோ மைக்ரோ பலகை. அதில் இருப்பது ஏடிமெகா32யு4 சில்லு: 8 பிட், 16 மெகாஹெர்ட்ஸ், 32 கிலோபைட் நினைவகம். இன்றைய கணக்கில் இது ஒன்றுமே இல்லை. விசைப்பலகைக்கு இது தாராளம்.

அச்சிட்ட சர்க்யூட் பலகை கிடையாது, எல்லாம் கம்பி. சுவிட்சின் ஒரு காலில் நெடுவரிசைக் கம்பி, இன்னொரு காலில் டையோடு. டையோடின் வால், அந்தக் கிடைவரிசை முழுக்க ஓடும் ஒரு மொட்டைச் செப்புக் கம்பியில் போய்ப் பற்றும். 13ம் 5ம் 18. புரோ மைக்ரோவில் பயன்படுத்தக் கிடைக்கும் கால்களும் 18. சில்லு ஒவ்வொரு வரிசையாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போகும், எந்த நெடுவரிசையில் பதில் வருகிறதென்று பார்க்கும். விசைக்கொரு டையோடு எதற்கு என்றால், செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளை ஒன்றாக அழுத்தும்போது மின்னோட்டம் பின்வழியாகச் சுற்றி நான்காவது மூலையும் அழுத்தப்பட்ட மாதிரி காட்டிவிடும். டையோடு அந்தப் பின்வழியை அடைக்கிறது. இந்த டையோடின் வாலைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

தமிழ்99 தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டு, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிர் 12, மெய் வரிசைக்கு 18, புள்ளி 1, ஆக 31 விசை. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். அதனால் கைகள் மாறி மாறி நடக்கும். வேகம் வந்தபின் கிட்டத்தட்ட தாளம் போட்டமாதிரி இருக்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது தானாக வரும் புள்ளி. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானே ஏறும்: க, க என்று அடித்தால் 'க்க'. ங அடித்துக் க அடித்தால் 'ங்க', ந அடித்துத் த அடித்தால் 'ந்த'. தமிழில் இரட்டிப்பு எவ்வளவு என்பது தெரிந்தவர்கள் செய்த வேலை. அப்படி வேண்டாம் என்றால் நடுவில் அ ஒன்று அடிக்க வேண்டும். 'பப்பாளி' எழுத ப, அ, ப, ப, ஆ என்று போவேன்.

ஆக, க விசை ஒரு முறை அழுத்தலை இரண்டு என்று சொன்னால், ஆங்கிலத்தில் அது வெறும் தட்டச்சுப் பிழை. தமிழ்99இல் அது இலக்கணப் பிழையாக உருமாறி வெளியே வரும். மகள் மக்கள் ஆவாள்.

இதெல்லாம் இப்போது சொல்ல வருகிறது. அன்றைக்கு என் சந்தேகம் நேராக என் மடிக்கணினியின் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் மேல் போனது. டெபியன் 13 வெளியானது 2025 ஆகஸ்ட் 9. அந்த வார இறுதியிலேயே 12இலிருந்து தாவியிருந்தேன். ஆறே நாளில் பிழை என்றால் வேறு யாரைச் சந்தேகிப்பது? தமிழ் உள்ளீட்டுக்கு நான் வைத்திருப்பது ஐபஸ், அதற்குள் எம்17என். (ஆங்கிலத்தில் பன்மொழியாக்கம் என்ற நீண்ட சொல்லின் முதலெழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 17 எழுத்து இருக்கிறது, அதுதான் பெயர்க்காரணம்.) அதன் தமிழ்99 கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். ஐபஸைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார்த்தேன். என் அமைவுக் கோப்புகள் எல்லாம் கிட்டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) இருப்பதால் ஒவ்வொரு மாற்றமாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். இரண்டு மாலைகள். நன்றாகத்தான் பொழுது போனது, பலன்தான் இல்லை.

மூன்றாம் நாள் அலுவலக வேலையில் டெர்மினலில் 'கிட் புஷ்' என்று அடித்தபோது கடைசி எச் இரண்டாக விழுந்தது. அப்படி ஒரு கட்டளை கிடையாது, 'புஷ்' உண்டு என்று கிட் சொன்னது. அந்த வரியை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். பலமுறை. ஒவ்வொரு முறையும் விரல் தடுமாறிவிட்டது என்று நினைத்து, மேல் அம்பை அழுத்தித் திருத்தி அனுப்பிவிட்டு மறந்திருக்கிறேன்.

தமிழ்99இல் க உட்கார்ந்திருப்பது எச் விசையில்.

டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் என் ஷெல் ஒவ்வொரு கட்டளையையும் நேரத்தோடு சேமித்து வைக்கும்படி அமைத்திருக்கிறேன். ரிப்கிரெப் என்ற தேடல் கருவி வைத்து, இரட்டை எச் வரும் வரிகளைத் தேடினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, கொட்டியது. இரட்டை எச் போட்ட புஷ், ஃபெட்ச், எஸ்எஸ்எச், பிராஞ்ச். முதல் வரி மே மாதத்தில். ஜூனில் நான்கு, ஜூலையில் பதினொன்று, ஆகஸ்டில் பாதி மாதத்துக்குள்ளேயே பதினேழு. டெபியன் பாவம், அது வருவதற்கு மூன்று மாதம் முன்பே நோய் தொடங்கியிருக்கிறது. ஷெல் வரலாற்றை நோயாளியின் காய்ச்சல் அட்டை மாதிரி படிக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அந்த எச் விசையின் மேல் எவ்வளவு பாரம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. நிரல் எழுத நான் பயன்படுத்தும் உரைத்திருத்தி நியோவிம். அதில் எச் என்றால் கர்சர் இடப்பக்கம் நகரும். ஜே கீழே, கே மேலே, எல் வலப்பக்கம். இது 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் அதன் மூதாதையான விஐ எழுதிய காலத்து வழக்கம். அவர் கையில் இருந்த ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தில் அம்பு விசைகள் தனியாக இல்லை; அந்த நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புகள் அச்சிட்டிருந்தன. அதே முனையத்தில் ஹோம் என்ற சொல்லும் அலைக்குறியும் ஒரே விசையில் இருந்தன. வீட்டுக் கோப்புறைக்கு யூனிக்ஸ்காரர்கள் இன்றும் அலைக்குறி போடுவது அதனால். ஆக, வேலை நேரம் முழுக்க 'இடப்பக்கம் போ' என்று அடிக்கிறேன்; தமிழ் எழுதும்போது -கள், -க்கு, -கிறது என்று மறுபடியும் அதே விசை. நான்கு வருடமாக ஒரே விரல் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டிருக்கிறது. சுவிட்ச் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். பார்க்கப்போனால் நல்ல முடிவு. தவறான முடிவு.

ஆனாலும் அளந்து பார்த்துவிடுவோம் என்று ஈவிடெஸ்ட்டை எடுத்தேன். லினக்ஸ் வைத்திருக்கும் யாரும் ஒருமுறையாவது இதை ஓட்டிப் பார்க்க வேண்டும். சின்னக் கருவி. விசைப்பலகையிலிருந்து லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கு என்ன வருகிறதோ அதை அப்படியே, மைக்ரோநொடி நேரத்தோடு திரையில் வரியாகப் போடும். உள்ளீட்டு முறை, சாளரம், எழுத்துரு எதுவும் குறுக்கே வராது. எச் விசையின் எண் 35. அழுத்தினால் மதிப்பு 1, விட்டால் 0. அழுத்திப் பிடித்தால் 2, 2, 2 என்று வந்துகொண்டே இருக்கும். (யுஎஸ்பி விசைப்பலகை 'அழுத்தியாயிற்று' என்று ஒரு முறைதான் சொல்லும், எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடும் வேலை கணினியுடையது.)

ஒரு முறை தட்டினேன். 1, 0. இன்னொரு முறை. 1, 0. இருபதாவது முறையோ என்னவோ 1, 0, 1, 0. முதல் 0க்கும் அடுத்த 1க்கும் நடுவே 9 மில்லிநொடி. என் விரலால் அந்த வேகத்தில் எழுந்து இறங்க முடியாது. மாட்டிக்கொண்டது.

கண்ணால் எண்ணிக்கொண்டிருப்பது நமக்குக் கட்டுப்படியாகுமா? பைத்தானில் முப்பது வரியில் ஒரு நிரல் எழுதினேன். ஈவ்டெவ் நூலகம் வழியாக எல்லா விசை நிகழ்வுகளையும் கேட்கும். ஒரு விசை விடுபட்டு 50 மில்லிநொடிக்குள் அதே விசை மறுபடி அழுந்தினால் ஒரு கோப்பில் குறித்துவைக்கும். மதிப்பு 2 வரும் வரிகள் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிட்டேன். எத்தனை நேரம் அழுத்தியிருந்தது என்பதையும் சேமிக்கவில்லை, இடைவெளிதானே வேண்டும்? இந்த இரண்டும்தான் என் ஒன்பது நாளில் நான்கைத் தின்றவை. அன்று தெரியவில்லை. ஒரு முழு நாள் அதைப் பின்னணியில் ஓடவிட்டு வேலை பார்த்தேன். மாலையில் 41 பதிவு. நாற்பது எச் விசைக்கு, ஒன்று பேக்ஸ்பேசுக்கு. பெரும்பாலானவை 6 முதல் 18 மில்லிநொடி. நான்கைந்து மட்டும் 30ஐத் தாண்டியிருந்தன.

இப்போது ஃபர்ம்வேருக்கு, அதாவது விசைப்பலகைச் சில்லுக்குள்ளேயே ஓடும் நிரலுக்கு வந்தேன். இங்கேதான் கொஞ்சம் தாராளமாகத் தொலைந்துபோனேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த இடம் இது. விசைப்பலகைக்குள் ஓடுவது கியூஎம்கே. திறந்த மூலம், சி மொழி. எந்த உலோகத் தொடுப்பும் மூடும்போது சுத்தமாக மூடாது. தரையில் போட்ட பந்து மாதிரி சில முறை துள்ளிவிட்டுத்தான் நிற்கும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு டிபவுன்ஸ் என்று பெயர். கியூஎம்கேயில் அதன் இயல்பு அளவு 5 மில்லிநொடி. ஐந்து மில்லிநொடிக்கு மாற்றமில்லாமல் இருந்தால்தான் நம்பும்.

சரி, 5ஐ 20 ஆக்கினால்? ஒரே ஒரு எண். மாற்றித் தொகுத்து, புரோ மைக்ரோவின் மீட்டமைப்புக் காலையும் தரைக் காலையும் சாமணத்தால் இரண்டு முறை சடசடவென்று தொட்டால், புது ஃபர்ம்வேரை வாங்கி ஏற்றும் பூட்லோடர் விழித்துக்கொள்ளும். எட்டு நொடிதான் விழித்திருக்கும், அதற்குள் ஏற்றிவிட வேண்டும். மூன்றாவது முயற்சியில் ஏறியது. பிழை ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் வேகமாக அடித்தால் விசைப்பலகை சேற்றில் நடப்பதுபோல் இருந்தது. காரணம், இயல்பாக வரும் முறையில் முழு விசைப்பலகைக்கும் சேர்த்து ஒரே கடிகாரம். எந்த விசை அசைந்தாலும் அது முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒரு விரல் எழ இன்னொரு விரல் இறங்க, எண்ணிக்கை முடியவே முடியாது.

விசைக்கொரு கடிகாரம் வைக்கும் முறையும் கியூஎம்கேயில் உண்டு. அதற்கு மாற்றினேன். தொகுக்கும்போது ஃபர்ம்வேர் 312 பைட் பெரிதாகிவிட்டது என்று நிறுத்திவிட்டது. பூட்லோடர் 4 கிலோபைட்டைப் பிடித்துக்கொள்வதால் 32இல் எனக்கு மிஞ்சுவது 28தான். கிலோபைட் கணக்குப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று! அலுவலகத்தில் ஒரு வலைப்பக்கத்துக்கு மெகாபைட் கணக்கில் ஜாவாஸ்கிரிப்ட் அனுப்புகிறோம், கேட்பாரில்லை. இங்கே 312 பைட்டுக்காக ஒரு ராத்திரி உட்கார்ந்து, பயன்படுத்தாத சுட்டி விசைகளை எடுத்து, இணைப்பு நேரச் சுருக்கத்தை இயக்கி, கடைசியில் ஒரு கிலோபைட் மிச்சமே வந்தது. அந்த ராத்திரி மிகவும் சந்தோஷமாக இருந்தேன். பழுதை மறந்தே போனேன் என்று சொல்லலாம்.

இரண்டு நாள் ஒரு பிழையும் இல்லை. கிட்டில் 'எச் சரியாயிற்று' என்று எழுதிப் பதிந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: 'நாளை வேலைக்கு வருக்கிறேன்'. 30ஐத் தாண்டிய அந்த நான்கைந்து இடைவெளிகளை 20 மில்லிநொடி எப்படி மறைக்கும்? 40 வைக்கலாம். பிறகு 60 வைக்கலாம். கூரை ஒழுகுகிற வீட்டில் பெரிய பெரிய பாத்திரமாக மாற்றி வைப்பது மாதிரி.

சனிக்கிழமை சுவிட்சை மாற்றிவிடுவது என்று உட்கார்ந்தேன். கம்பிக்கட்டு விசைப்பலகையில் இது பெரிய அறுவைச் சிகிச்சை. ஈயத்தை இளக்கி உறிஞ்சியால் இழுத்து, நெடுவரிசைக் கம்பியை விடுவித்து, டையோடின் தலையைச் சுவிட்ச் காலிலிருந்து நெளித்து எடுத்து, முன்பக்கமாகச் சுவிட்சை நெம்பி வெளியே எடுக்க வேண்டும். எடுத்ததை ஆர்வத்தில் பிளந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் சின்னத் தகடு பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது. அப்போதே எனக்கு வயிறு கலங்கியிருக்க வேண்டும். புதுச் சுவிட்சைப் போட்டு, பற்றவைத்து, மல்டிமீட்டரின் டையோடு நிலையில் வைத்துப் பார்த்தேன்: 0.6 வோல்ட். டையோடு நலம். செருகி நிரலை ஓட்டினேன். ஐந்தாவது நிமிடத்தில் எச், மறுபடியும் இரட்டை.

புதுச் சுவிட்சும் போச்சா?

மல்டிமீட்டரைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் அது என்னை ஏமாற்றியது உண்மை. முனையை ஈயத்தின் மேல் வைத்து அழுத்தித்தானே அளக்கிறோம்? விட்டுவிட்டுத் தொடும் இணைப்பை அந்த அழுத்தமே சேர்த்துவைத்துவிடும். எடுத்தால் பழையபடி பிரியும். இதை யோசிக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரை ஆயிற்று.

ஞாயிறு காலை காபியோடு அந்தப் பைத்தான் கோப்பைத் திறந்தேன். மதிப்பு 2ஐ வடிகட்டிய வரி கண்ணில் பட்டது. அதை எடுத்துவிட்டு, விடுபடுவதற்கு முன் எத்தனை நேரம் அழுந்தியிருந்தது என்பதையும் அச்சிடச் சொல்லி, எச் விசையை அழுத்திப் பிடித்தேன். பத்து நொடி. என் விரல் அசையவில்லை. திரையில் 1, பிறகு 2, 2, 2... 3.4ஆவது நொடியில் திடீரென்று 0, பிறகு 1. மறுபடி 7.1இல் 0, 1.

இதுதான் வித்தியாசம். சுவிட்ச் தேய்ந்தால் துள்ளல் அழுத்தும் கணத்திலும் விடும் கணத்திலும் வரும். முழுக்க அழுந்தி நிற்கும் விசை மூன்றாவது நொடியில் துள்ள எந்தக் காரணமும் இல்லை. நடுவில் அறுபட்டால் எங்கோ கம்பி ஆடுகிறது. முதல் நாள் ஈவிடெஸ்ட்டிலேயே பத்து நொடி அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் நிரல் எழுதப் போய், அதற்கான சான்றை நானே இரைச்சல் என்று தள்ளிவிட்டேன்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு டிவி மெக்கானிக் இருந்தார். பெட்டியின் பின்மூடியைத் திறப்பார், ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பலகையை அங்கங்கே மெதுவாகத் தட்டுவார். எங்காவது படம் ஆடினால் "ட்ரை சால்டர்" என்பார், ஈயம் சரியாகப் பற்றவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் பற்றவைக்கும் அயர்னை வைத்து எடுப்பார், முடிந்தது. மீட்டரைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை.

பல் துலக்கும் பிரஷ்ஷின் பின்முனையை எடுத்துக்கொண்டேன். விசைப்பலகையைப் பக்கவாட்டில் நிறுத்தினால் முன்னாலிருந்து எச் விசையை யாராவது அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வேலு நாச்சியார் ஓடி வந்தாள்.

"நான் அழுத்தவாப்பா?"

"அழுத்து. விடக் கூடாது. திரையில ரெண்டு ரெண்டா வருதில்ல? அதுல முட்டை வந்தா சொல்லு."

சுவிட்ச் கால், நெடுவரிசைப் பக்கம்: தட்டினேன். ஒன்றுமில்லை. சுவிட்ச் கால், டையோடு பக்கம், நேற்றுப் பற்றவைத்தது: ஒன்றுமில்லை. டையோடின் உடல்: ஒன்றுமில்லை. டையோடின் வால் செப்புக் கம்பியைத் தொடும் இடம்.

"முட்டை! முட்டை! ரெண்டு முட்டை!"

மொபைல் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈயம் செப்புக் கம்பியை நன்றாகக் கவ்வியிருந்தது. டையோடின் வாலைச் சுற்றி மட்டும் தலைமுடி அளவில் ஒரு கறுப்பு வளையம். மேற்பரப்பு மினுங்கவில்லை, மணல் தூவிய மாதிரி இருந்தது. சுவிட்சை மாற்றும்போது டையோடின் தலைப்பக்கத்தைத்தான் இளக்கினேன், வால்பக்கம் கைவைக்கவே இல்லை. விரல் அழுத்தும்போது தகடு கொஞ்சம் வளையும். அந்த வளைவில் வால் வளையத்துக்குள் ஆடியிருக்கிறது. நான்கு வருடத்தில் ஓட்டை பெரிதாகியிருக்கிறது.

எப்படி நேர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். 2021இல் பிடிகருவி எதுவும் இல்லை. கம்பியை இடக்கை விரலால் பிடித்துக்கொண்டே பற்றவைத்தேன். வாங்கியிருந்த லெட் (பற்றவைக்கும் ஈயக் கம்பி) 60க்கு 40 வகை, அதாவது 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம். அது ஒரே வெப்பநிலையில் பட்டென்று உறைந்துவிடாது. கிட்டத்தட்ட 190 டிகிரியில் இறுகத் தொடங்கி 183 வரை களியாக இருக்கும். அந்தக் களி நிலையில் கை லேசாக நடுங்கினாலும் உள்ளே விரிசல் விழும், மேற்பரப்பு மணலாகும். 63க்கு 37 வகைக்கு அந்த இடைநிலை கிடையாது, 183இல் பட்டென்று உறையும். கையால் பிடித்துப் பற்றவைப்பவர்கள் அதையே வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு டீ காசு.

அயர்னை 350 டிகிரிக்கு வைத்தேன். மகளைத் தள்ளி உட்கார வைத்தேன். பழைய ஈயத்தைத் திரியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, டையோடின் வாலைக் கத்தி நுனியால் சுரண்டி மினுங்க வைத்தேன். பேஸ்ட் ஒரு பொட்டு. இந்த முறை கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது துணி காயப்போடும் கிளிப். அயர்ன் முனையால் கம்பி, வால் இரண்டையும் ஒன்றாகச் சூடாக்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து புது லெட்டைக் கொடுத்தேன். இரண்டு நொடியில் வாலைச் சுற்றி ஏறி வழிந்து மினுங்கியது. அயர்னை எடுத்து, ஊதாமல், பத்து எண்ணும் வரை எதையும் தொடவில்லை. ஊதினால் சீக்கிரம் ஆறும் என்று ஊதுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதுவும் ஓர் அசைவுதான்.

பத்து நொடி அழுத்தல்: ஒரு 1, வரிசையாக 2, கடைசியில் ஒரு 0. முப்பது நொடி: அதே. பிரஷ்ஷால் தட்டினாலும் அசையவில்லை. மகளுக்குத்தான் ஏமாற்றம்.

இறங்கியதும் இறங்கினோம் என்று 62 வாலையும் தட்டிப் பார்த்தோம். அவள் அழுத்த, நான் தட்ட. பேக்ஸ்பேசில் ஒரு முட்டை கிடைத்தது. முதல் நாள் 41 பதிவில் தனியாக நின்ற அந்த ஒன்று. எச் விசையிலேயே கண்ணாயிருந்ததில் அதை நான் கவனிக்கவே இல்லை. அதையும் சுரண்டிப் பற்றவைத்தேன். ஃபர்ம்வேரில் 20ஐத் திரும்ப 5 ஆக்கினேன். விசைக்கொரு கடிகாரம் மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், அந்த 312 பைட்டுக்குப் பட்ட பாட்டுக்காக. 'எச் சரியாயிற்று' என்ற பதிவுக்கு மேல் 'எச் இப்போது நிஜமாகவே சரியாயிற்று' என்று இன்னொன்று. ரிச்சி தெருப் பக்கம் போனபோது 63க்கு 37 ஒரு சுருள் வாங்கிவைத்தேன். பைத்தான் நிரல் இன்னும் பின்னணியில் ஓடுகிறது. இரண்டு வாரமாகக் கோப்பு காலி.

அன்று மாலையே குடும்பக் குழுவில் எழுதினேன்: 'விசைப்பலகை சரியாகிவிட்டது. இனி என் எழுத்தில் பிழை இருக்காது. அம்மா, பேத்தியை பார்க்க எப்போது வருகிறாய்?' அனுப்புவதற்கு முன் ககரத்தை எல்லாம் ஒன்றொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரி.

அரை நிமிடத்தில் அம்மாவின் பதில் வந்தது.

"பேத்தியைப் பார்க்க. ப் எங்கடா?"

ப இருப்பது ஜே விசையில். எதற்கும் இருக்கட்டும் என்று அதைப் பத்து நொடி அழுத்திப் பார்த்தேன். ஒரு முட்டைகூட வரவில்லை.